பத்து மணி இஞ்சின்

கோலசிலாங்கூர் பட்டணத்தைத் தாண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறி இறங்கினால் பாசிர் பெனம்பாங். வார இறுதியில் காரெடுத்து வரும் கோலாலம்பூர்க்காரர்களுக்கு இந்த ஊர் என்றால் நண்டும் இறாலும்தான். ஆற்றைப் பார்த்தபடி வரிசையாகக் கடல் உணவுக் கடைகள், கருவாடும் மீன் உருண்டையும் கெரோப்போக்கும் விற்கும் கடைகள், அவற்றுக்குப் பின்னால் மரக்கால்களில் நிற்கும் படகுத்துறைகள். நானும் பலமுறை சாப்பிடத்தான் போயிருக்கிறேன்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை போனது வேறு வேலைக்காக. கைப்பையில் ஒரு கேசட். காரின் பின்னிருக்கையில் துண்டில் சுற்றிய பழைய கேசட் பிளேயர். அதன் பக்கத்தில், பலகைத்துண்டில் திருகிவைத்த என் சொந்தத் தயாரிப்பு, ஒரு சின்ன ஒலிபெருக்கிச் சுற்று.

மலாயில் பாசிர் என்றால் மணல். பெனம்பாங் என்றால் கூலி வாங்கிக்கொண்டு ஆட்களை அக்கரை சேர்க்கும் படகு. என் கையில் இருந்த சரக்கும் அக்கரை சேரவேண்டிய ஒன்றுதான்.

ஒரு கேசட்டின் கதை

அந்தக் கேசட்டில் இருப்பது என் பாட்டியின் குரல். 1984இல் அப்பா வேலை கிடைத்துக் கோலாலம்பூருக்குப் புறப்படும் முதல்நாள் இரவு, புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்து லயத்து வீட்டில் பதிவு செய்தது. உறவினர் ஒருவரிடம் இரவல் வாங்கிய ரேடியோ கேசட் பெட்டி, பக்கத்துக்கு அரை மணி நேரம் ஓடும் நாடா. பாட்டி பால்மரம் வெட்டிய கதை, அவருடைய அம்மா கப்பலில் வந்த கதை என்று பேசிக்கொண்டே போகிறார். அடுத்த சில ஆண்டுகளில் பாட்டி காலமாகிவிட்டார். நான் அவரைப் பார்த்ததில்லை.

கடைசி ஐந்தாறு நிமிடங்கள் மட்டும் யாருக்கும் புரிந்ததில்லை. பாட்டி குரலைத் தாழ்த்திவிடுகிறார். லயத்து வீடுகளின் நடுச்சுவர் கூரைவரை போகாது. இந்த வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் தண்ணீர் எடுத்துக் கொடுப்பார்கள் என்று அப்பா சொல்வார். ஊர் தூங்கும் நேரத்தில் பாட்டி கிசுகிசுத்தாரோ என்னவோ. "கடைசியில எனக்கு ஏதோ சொன்னாங்க. என்னன்னு ஞாபகம் இல்லம்மா" என்று அப்பா வருடக்கணக்காகச் சொல்லிவந்தார்.

நான் வானொலியில் வேலை பார்ப்பவள். குரலைக் கேட்பதும் கேட்கவைப்பதும் என் தொழில். மகள் ரேடியோவில் இருந்தும் பாட்டி சொன்னது என்னவென்று தெரியவில்லை என்றால் எப்படி? இணையத்தில் மலிவாக வாங்கிய ஒரு கருவியில் கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். பாட்டி குரலுக்கு மேலே "ம்ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல். அதற்கும் மேலே கொசு பறப்பதுபோல மெல்லிய கீச்சொலி. கிசுகிசுப்பு வரும் இடத்தில் இரைச்சல் மட்டும்தான் மிச்சம்.

அடுத்து நானே ஓர் ஒலிபெருக்கி செய்தேன். புடுவில் ஜாலான் பாசார் கடைகளில் ஒருநாள் அலைந்தால் மின்னணுச் சாமான்கள் எல்லாம் கிடைக்கும். நல்ல பிளேயர் ஒன்றின் ஒலித்தலையிலிருந்து நேராகக் கம்பி இழுத்து என் சுற்றில் கொடுத்தேன். வீட்டில் கிடந்த 12 வோல்ட் அடாப்டரைச் செருகினேன். அதே "ம்ம்ம்ம்". அதே கொசு.

பழைய நாடா ஒவ்வொரு முறை ஓடும்போதும் கொஞ்சம் தேய்கிறது. உள்ளே நாடாவைத் தாங்கும் பஞ்சுத் துண்டு ஏற்கெனவே உதிர்ந்து, நான் வேறு கூட்டுக்கு மாற்றியிருந்தேன். இனி விளையாட்டாக ஓட்டிப் பார்க்க முடியாது. அப்போதுதான் அப்பா சொன்னார்: "பாசிர் பெனம்பாங்ல பெரியப்பா இருக்கார்ல, அவர்கிட்ட கொண்டு போ. கரண்டு கோளாறுனா அவர்தான்."

தென்னமரத்தில் செம்பனை

கோலாலம்பூரிலிருந்து லாத்தார் நெடுஞ்சாலையில் போனால் அசாம் ஜாவாவில் இறங்கலாம். 2011இல் திறந்த சாலை. வழியெல்லாம் செம்பனை. இடையிடையே தாமான்கள். தோட்டம் இருந்த இடத்தில் கோயில் மட்டும் தனியாக நிற்பதையும் சில இடங்களில் பார்க்கலாம்.

இந்த வட்டாரத்துத் தோட்டங்களுக்குப் பெரிய வரலாறு உண்டு. மலேசியாவில் வணிக நோக்கில் முதன்முதலில் செம்பனை நட்டது இங்கேதான். பத்தாங் பெர்ஜுந்தை, இப்போதைய பெஸ்தாரி ஜெயா பக்கத்தில், 1917இல் ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டார். தோட்டத்தின் பெயர் தென்னமரம். ஆம், நம் தென்னைமரம்தான். தமிழ்ப் பெயர் கொண்ட தோட்டத்தில்தான் இந்த நாட்டின் செம்பனைத் தொழில் வேர்விட்டது. மலாயாவைக் களமாக வைத்து நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசை வாங்கியவரும் இதே ஃபோக்கோனியேதான்.

என் பாட்டியின் தோட்டம் அவ்வளவு பேர் போனதல்ல. இன்று அது இருந்த இடத்தில் இரட்டை மாடி வீடுகள். அப்பா காட்டினால்தான் தெரியும்: இங்கே ஆயாக் கொட்டகை, அங்கே பெரட்டுக் களம், அந்தக் கோடியில் இஞ்சின் கொட்டாய்.

இஞ்சின் கொட்டாய் என்றால் இளையவர்களுக்குத் தெரியாது. பல தோட்டங்களுக்கு அரசு மின்கம்பி நெடுநாள் வரவில்லை. தோட்டத்து டீசல் இஞ்சின் ஓடும் நேரத்தில்தான் லயத்தில் விளக்கு எரியும். எங்கள் தோட்டத்தில் மாலை ஆறரைக்கு ஓடும், இரவு பத்துக்கு நிற்கும். அதற்குமேல் மண்ணெண்ணெய் விளக்குதான். தொழிலாளர் குடியிருப்புக்குக் குழாய் நீரும் மின்சாரமும் போதிய அளவு கொடுக்கவேண்டும் என்று தோட்ட நிர்வாகங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் 446 வந்தது 1990இல். மின்சார வாரியமான லெம்பாகா லெட்ரிக் நெகாரா, தெனாகா நேஷனலாக மாறியதும் அதே ஆண்டில்தான்.

அந்த இஞ்சின் கொட்டாயில் வேலை பார்த்தவர்தான் பெரியப்பா. சொந்தப் பெரியப்பா இல்லை. அப்பா அவரை அண்ணன் என்று கூப்பிடுவார். பிறகு தேர்வு எழுதிச் சார்ஜ்மேன் ஆகி, ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பாசிர் பெனம்பாங்கில் ஒரு கடையின் பின்கட்டில் மேசை போட்டு, மீன்பிடிப் படகுகளின் பேட்டரி சார்ஜர், வயர்லெஸ், விளக்கு எல்லாம் பழுது பார்க்கிறார். சீனப் படகுக்காரர்களுடன் அவர்கள் மொழியிலேயே பேரம் பேசுகிறார். மேசைக்கு இந்தப் பக்கம் சால்டரிங் புகை, அந்தப் பக்கம் கருவாட்டு வாசம்.

படகு பேட்டரி சொன்ன தீர்ப்பு

என் சுற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் செஞ்சிருக்க. எதுல ஓட்டுன?" அடாப்டரை நீட்டினேன். வாங்கி, எடையைப் பார்ப்பதுபோல உள்ளங்கையில் குலுக்கினார். "லேசா இருக்கு. அதுதான் கோளாறு."

உடனே நம்பிவிடவும் இல்லை. "மொதல்ல யார் மேல குத்தம்னு பாத்துக்குவோம்" என்று, மூலையில் சார்ஜாகிக்கொண்டிருந்த படகு பேட்டரி ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்தார். 12 வோல்ட். என் சுற்றை அதில் மாட்டினார். சோதனைக்குப் பாட்டியின் கேசட்டைத் தொடவிடவில்லை; டிராயரிலிருந்து ஒரு பழைய சினிமாப் பாட்டுக் கேசட்டை எடுத்துப் போட்டார்.

இயர்ஃபோனில் கேட்டேன். கொசு இல்லை. "ம்ம்ம்" இல்லை. நாடாவுக்கே உரிய "ஸ்ஸ்ஸ்" மட்டும்.

வீட்டில் ஒலிக்கருவி செய்யும் யாரும் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. பேட்டரியில் ஓட்டி இரைச்சல் போய்விட்டால் சுற்றில் பிழை இல்லை, மின்சாரம் கொடுக்கும் பெட்டியில்தான் பிழை. பேட்டரியில் அலை இல்லை. அதனால் அது அமைதியானது.

"அப்ப பேட்டரியிலேயே ஓட்டிடலாமே பெரியப்பா?"

"ஒவ்வொரு தடவையும் மீன் படகு பேட்டரியத் தூக்கிட்டு அலைவியா? உக்காரு. ஒரு சப்ளை கட்டிடுவோம். நீதான் கட்டணும். எனக்குச் சின்னச் சின்ன காலெல்லாம் இப்ப கண்ணு தெரியறதில்ல."

டிரம்மும் குழாயும்

லேசான அடாப்டருக்கும் அவர் கட்டச் சொன்ன பெட்டிக்கும் என்ன வித்தியாசம்?

இன்றைய கைப்பேசி சார்ஜர் வகை அடாப்டர்கள், மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிக் கொடுக்கின்றன. அதனால்தான் சிறியதாகவும் மலிவாகவும் இருக்கின்றன. மின்சாரமும் அதிகம் வீணாவதில்லை. நன்றாக வடிவமைத்தவை அமைதியாகவே ஓடும். மலிவானவற்றில் அந்த வெட்டும் சத்தம் வயர் வழியாகக் கசியும். கைப்பேசிக்கு அது தெரியாது, கேசட்டுக்குத் தெரியும். கேசட்டின் ஒலித்தலை தரும் மின்சாரம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதை ஆயிரம் மடங்குக்கு மேல் பெருக்கினால்தான் காதில் விழும். அதிலும் கேசட்டின் கணக்குப்படி தாழ்ந்த சுருதிகளை இன்னும் அதிகமாகப் பெருக்கவேண்டும். "ம்ம்ம்" என்ற இரைச்சல் இருப்பதும் அந்தத் தாழ்ந்த சுருதியில்தான். பாட்டியின் குரலைத் தூக்கும் அதே கை இரைச்சலையும் சேர்த்துத் தூக்குகிறது.

பெரியப்பா சொன்னது பழைய முறை. லீனியர் சப்ளை. பெட்டி கனமாக இருக்கும், கொஞ்சம் சூடாகும், மின்சாரத்தையும் வீணாக்கும். ஆனால் வெட்டும் வேலையே அதில் இல்லை. நான்கே படிகள்.

முதல் படி டிரான்ஸ்ஃபார்மர். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை 15 வோல்ட்டாக இறக்குகிறது. நம் நாட்டில் 240 வோல்ட் என்று சொல்லிப் பழகிவிட்டோம். 2008 முதல் ஏட்டில் 230. நொடிக்கு 50 முறை மேலும் கீழும் போய்வரும் அலை அது. 15 என்பது கணக்குக்கான அளவு. அலையின் உச்சி 21 வோல்ட்டைத் தொடும்.

இரண்டாவது, நான்கு டையோடுகள். கீழே போகும் பாதி அலையையும் மேல் பக்கமாகத் திருப்பிவிடும். ஒரு வோல்ட்டுக்குச் சற்று அதிகமாக இதில் செலவாகும். இப்போது நொடிக்கு 100 மேடுகள். நாம் கேட்கும் "ம்ம்ம்" பெரும்பாலும் இந்த 100தான்.

மூன்றாவது, பெரிய கெப்பாசிட்டர். பெரியப்பா இதை விளக்கிய விதம்தான் எனக்குப் பிடித்தது. "லயத்துல தண்ணி எப்ப வரும்? காலைல கொஞ்சம், சாயந்தரம் கொஞ்சம். அதுக்காக நடுவுல நாம தண்ணி பொழங்காம இருந்தமா? டிரம்ல புடிச்சு வச்சிக்கிட்டோம். அந்த டிரம்தான் இது." மேடு வரும்போது நிரம்புகிறது, பள்ளத்தில் கொடுக்கிறது. டிரம் பெரிதாக இருந்தால் நீர்மட்டம் குறைவாக ஆடும்.

எவ்வளவு ஆடும்? கணக்கு எளிது. என் சுற்று இழுப்பது 30 மில்லி ஆம்பியர். ஒரு மேட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி நொடியில் நூறில் ஒரு பங்கு. டிரம் 2,200 மைக்ரோஃபாரட். மின்னோட்டத்தை இடைவெளியால் பெருக்கி டிரம்மின் அளவால் வகுத்தால் சுமார் 0.14 வோல்ட். 20 வோல்ட்டில் இவ்வளவு ஆட்டம் பெரிதில்லையே என்று தோன்றும். ஆனால் ஒலித்தலை தரும் சத்தத்தைவிட இது நூற்றுக்கணக்கான மடங்கு பெரிது.

ஆகவே நான்காவது படி, ரெகுலேட்டர். டிரம்மில் மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் ஒரே அளவில் தண்ணீர் விடும் குழாய். எல்.எம். 317 என்ற மூன்றுகால் சில்லு. அமெரிக்காவின் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தில் ராபர்ட் டாப்கின் என்ற பொறியாளர் 1970களில் வடிவமைத்தது. ஜாலான் பாசாரில் இன்றும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. 240 ஓம், 2,000 ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர் போட்டால் ஏறக்குறைய 11.8 வோல்ட் கொடுக்கும். அதன் சரிசெய்யும் காலில் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்தால், நல்ல நிலையில் ஆட்டத்தைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். அந்தச் சின்ன கெப்பாசிட்டர் இல்லாவிட்டால் அந்த அமைதியில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. விலை சில சென்தான். பலரும் போட மறப்பது அதைத்தான் என்றார்.

என் தவறு

சுவர் மின்சாரம் வரும் பக்கத்தை அவர் என்னைத் தொடவிடவில்லை. ஃபியூஸ், சுவிட்ச், டிரான்ஸ்ஃபார்மரின் முதல் பக்கம் எல்லாம் அவர் கையால். இரும்புப் பெட்டிக்கு எர்த் வயரை நட்டும் வாஷரும் போட்டு இறுக்கினார். "இந்தப் பக்கம் உயிரு. தெரியாதவங்க கைய வைக்கக் கூடாது" என்றார். வாசகர்களுக்கும் அதேதான்: அந்தப் பக்கத்தை உரிமம் பெற்றவரிடம் விடுங்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

மீதியை நான் சால்டர் செய்தேன். மீட்டரில் 11.8 காட்டியது. பெருமையாக இயர்ஃபோனை மாட்டினேன். கொசு போயிருந்தது. ஆனால் "ம்ம்ம்" இருந்தது; இப்போது கொஞ்சம் முரட்டுத்தனமாக, "ர்ர்ர்" என்று.

பெரியப்பாவுக்குச் சிரிப்பு. "தரை வயர எங்கேருந்து எடுத்த?"

டையோடுகளுக்கும் பெரிய கெப்பாசிட்டருக்கும் இடையில், கைக்கு எட்டிய இடத்தில் எடுத்திருந்தேன். எல்லாம் ஒரே நெகட்டிவ் கம்பிதானே என்று. அங்கேதான் பிழை. டிரம் நிரம்பும்போது மின்சாரம் சீராகப் போவதில்லை. அலையின் உச்சியில் மட்டும் சட்சட்டென்று பாய்கிறது. அந்தக் கம்பியின் சிறு தடையிலேயே ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரு சின்ன மேடு எழும்பும். நான் அந்த மேட்டை எடுத்து நேராக ஒலிபெருக்கிக்குக் கொடுத்துவிட்டேன். "டிரம்முக்குத் தண்ணி ஊத்துற குழாய்ல வாய வச்சுக் குடிக்கிற. டிரம்ல மொண்டு குடி" என்றார். கம்பியைக் கழற்றி, கெப்பாசிட்டரின் காலைத் தாண்டிய ஒரே புள்ளியில் எல்லாத் தரை வயர்களையும் சேர்த்தேன். முரட்டு "ர்ர்ர்" மறைந்தது. வாங்கிய சாமான் எதையும் மாற்றவில்லை. ஒரு வயர் இரண்டு அங்குலம் நகர்ந்தது, அவ்வளவுதான்.

இன்னும் ஏதோ மெல்லியதாக, அடிவயிற்றில் கேட்பதுபோல ஒரு முனகல். "இது வேற ஆளு" என்றார். இது 100 இல்லை, 50. டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றி இருக்கும் காந்தப்புலம், பக்கத்திலிருந்த ஒலித்தலையில் நேராக ஏறுகிறது. இதற்கு எந்த கெப்பாசிட்டரும் உதவாது. பெட்டியை ஒரு முழம் தள்ளி, கொஞ்சம் திருப்பி வைத்தோம். நின்றுவிட்டது.

ஒவ்வோர் இரைச்சலுக்கும் ஓர் ஊர், ஒரு பெயர் இருக்கிறது. கேட்டுக் கண்டுபிடித்து, அது பிறக்கும் இடத்திலேயே நிறுத்தவேண்டும். ஸ்டுடியோவில் நாங்கள் இதை மறந்துவிட்டோம். பதிவில் இரைச்சல் இருந்தால் கணினியில் ஒரு பொத்தானைத் தட்டுகிறோம். அது இரைச்சலோடு குரலின் ஓரத்தையும் சேர்த்துச் சீவிவிடும். கிசுகிசுப்புக்கு ஓரத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது?

இருட்டைக் காக்கும் ஊர்

"சாமானெல்லாம் ரெண்டு மூணு மணி நேரம் ஓடட்டும். சூடு எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் பாட்டி கேசட்டப் போடலாம்" என்றார் பெரியப்பா. பட்டறை அமைதியானால்தான் நல்லது என்றும் சொன்னார். கடைகளில் மாலைக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது.

ஆற்றைக் கடந்து புக்கிட் மெலாவத்தி ஏறினேன். பீரங்கிகள், வெள்ளி நிறக் குரங்குகள், 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம். மேலிருந்து பார்த்தால் சிலாங்கூர் ஆறு வளைந்து கடலில் சேரும் இடம் தெரியும். இருட்டியதும் கம்போங் குவாந்தானுக்குப் போனேன்.

அங்கே மின்மினி பார்க்க மரப்படகில் துடுப்புப் போட்டுத்தான் அழைத்துப் போகிறார்கள். மோட்டார் இல்லை. கேமராவின் ஃப்ளாஷ் கூடாது. ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கில் மின்மினிகள். ஆண் பூச்சிகள் ஒரே தாளத்தில் மின்னிப் பெண் பூச்சியை அழைக்கின்றன. ஒவ்வொன்றும் அரிசி மணி அளவுதான். அந்த வெளிச்சம் தெரியவேண்டுமானால் சுற்றிலும் இருட்டு வேண்டும். கரையில் ஒரு தெருவிளக்கு கூடினால் ஒரு பூச்சியின் அழைப்பு இன்னொன்றுக்குத் தெரியாமல் போகலாம். பூச்சியைப் பிரகாசமாக்க யாராலும் முடியாது. இருட்டைக் காப்பாற்றத்தான் முடியும்.

படகில் யாரும் பேசவில்லை. துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீர் கேட்டது.

பத்து மணி

பட்டறைக்குத் திரும்பியபோது ஒன்பதரை. பெட்டியைத் தொட்டுப் பார்த்தார், வெதுவெதுப்பு, அவ்வளவுதான். ஃபேனை நிறுத்தினார். பாட்டியின் கேசட்டைப் போட்டு, கணினியில் பதிவை ஓடவிட்டேன். ஆளுக்கொரு இயர்ஃபோன்.

பாட்டி பேசினார். மூச்சு இழுப்பது, வெற்றிலை மெல்லுவது, வளையல் உரசுவது எல்லாம் கேட்டன. இதுவரை எனக்குக் குரலாக மட்டும் இருந்தவர், ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும் ஆளாகிவிட்டார்.

ஆனால் பின்னால் மறுபடியும் ஏதோ சத்தம். தூரத்தில், "டுக் டுக் டுக்" என்று. எனக்கு வயிறு கலங்கியது. இன்னும் எந்த வயர்? பிளேயரை நிறுத்தக் கை நீட்டினேன். பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது உன் பொட்டி இல்லமா. நம்ம இஞ்சின்."

தோட்டத்து டீசல் இஞ்சின். லயத்துக்குக் கோடியில், கொட்டாயில் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது ஆண்டுகளாக அது அந்த நாடாவிலேயே இருந்திருக்கிறது. என் அடாப்டரின் இரைச்சலுக்கு அடியில் மறைந்து கிடந்திருக்கிறது. பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். லோடு ஏறும்போது இஞ்சின் கொஞ்சம் தடுமாறுவதைத் தலையசைத்துக் கணக்கெடுத்தார்.

நாடா முடியப் போகும் நேரத்தில் இஞ்சின் தளர்ந்து, இரண்டு மூன்று முறை இருமி, நின்றது. பத்து மணி. அந்த இரவு அதை நிறுத்திய கை யாருடையது என்று நான் கேட்கவில்லை. அவரே உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

இஞ்சின் நின்றதும் லயம் அமைதியானது. பாட்டி குரலைத் தாழ்த்தினார். நான் ஊகித்தது சரிதான். அக்கம்பக்கம் கேட்டுவிடக் கூடாதே என்றுதான். முதல் சம்பளத்தில் கடைக் கணக்கை அடைத்துவிடு என்றார். அந்தக் கடன் தாத்தாவுக்குத் தெரியாது, தெரியவேண்டாம் என்றார். மழை நாளில் வெட்டு இல்லாதபோது அப்பாவின் பள்ளிக்கூடச் செலவுக்கு வாங்கியதாம். எவ்வளவு என்றும் சொன்னார். அந்தத் தொகையை இங்கே எழுதப்போவதில்லை. அது அவர் ரகசியமாகச் சொன்னது.

மறுநாள் காலை அப்பாவிடம் போட்டுக் காட்டினேன். கடன் பகுதி வந்தபோது தலையைக் குனிந்துகொண்டார். "அடச்சிட்டேன். அந்த மாசமே அடச்சிட்டேன். அவங்க சொல்லித்தான் அடச்சேங்கறது மறந்துபோச்சு" என்றார்.

குடும்பத்தினர் எல்லாருக்கும் பிரதி அனுப்பவேண்டும். உறவினர் ஒருவர், "அந்த டுக் டுக் சத்தத்த எடுத்துட்டா இன்னும் கிளியரா இருக்குமே. உனக்கு அது ஒரு நிமிஷ வேலைதானே?" என்று கேட்டார். ஒரு நிமிட வேலைதான். என் பெட்டியிலிருந்து வந்த இரைச்சலுக்காக ஒரு முழுநாள் பாடுபட்டேன். இந்தச் சத்தம் என்னுடையது அல்ல, அந்த ஊருடையது. அந்த லயம் இல்லை, கொட்டாய் இல்லை. அந்தத் தோட்டத்தின் ராத்திரி எப்படி இருந்தது என்பதற்கு எங்கள் குடும்பத்தில் வேறு சாட்சியும் இல்லை. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டையும் ஊரையும் எழுதி, கடைசியில் "இஞ்சினை நீக்க வேண்டாம்" என்று சேர்த்தேன்.

நாடா முடிவதற்குச் சற்று முன்னால் ஓர் இடம் வருகிறது. இருட்டில் பாட்டி கேட்கிறார்: "வெளக்கு போயிருச்சே, நான் பேசறது இன்னும் விழுதா?"

இருபது வயது அப்பா சொல்கிறார்: "பேட்டரியில ஓடுதுமா. நீ பேசு."